தேசி மரத்துக் கொண்டைப்புறா

டூங்காபி, சிட்னி
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் முன்போலத்தான். இந்தக் கடிதத்தை உன் வேலையிடத்து விலாசத்துக்கு அனுப்புகிறேன். உங்கள் வீட்டுத் தபால் பெட்டிக்குள் மழைத்தண்ணி போகிறது என்று நீ எப்போதோ சொன்ன ஞாபகம். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அங்கேயே வரட்டும்.

வாட்ஸ்அப்பில் எழுதினால் என்ன என்று அம்மா கேட்டாள். எழுதினால் நீல அடையாளம் விழுகிறது, பதில் வருவதில்லை. ஆர் வாசிக்கிறது என்று தெரியாமல் எழுத எனக்கு மனமில்லை. அத்தோடு நீ பன்னிரண்டாம் வகுப்பில் தமிழை ஒரு பாடமாக எடுத்துச் சோதனை எழுதினவள். சனிக்கிழமைப் பாடசாலைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு திரிந்த பெட்ரோல் காசுக்காவது நான் நாலு பக்கம் தமிழில் எழுத வேண்டாமா?

பெட்ரோல் என்றதும் ஞாபகம் வந்தது. காரில் அரைவாசிக்குக் கீழே இறங்க விடாதே. கன்பராக் குளிரில் கார் எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்ல முடியாது.

சரி, செய்தி இதுதான். எங்கள் பின்வளவுத் தேசி மரத்தில் கொண்டைப்புறா கூடு கட்டியிருக்கிறது. சின்னனில் நீ ‘ஊசித்தலையன்’ என்று பெயர் வைத்தாயே, அது. கூடு என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இருபது முப்பது சுள்ளியை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டு முடிந்தது வேலை என்று உட்கார்ந்துவிட்டது. கீழே நின்று பார்த்தால் சுள்ளிக்கு இடையால் முட்டையின் வெள்ளை தெரிகிறது. இரண்டு முட்டை. போன செவ்வாய் இரவு அடித்த காற்றுக்கு நான் இரண்டு தரம் எழும்பி டோர்ச் அடித்துப் பார்த்தேன். அம்மா ஏசினாள். கூடு அப்படியே இருந்தது. தாயோ தகப்பனோ, எதுவோ ஒன்று அதன்மேல் அசையாமல் இருந்து என்னையே பார்த்தது. ஆணையும் பெண்ணையும் பார்வைக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் மாறி மாறி அடைகாக்கின்றன. பதினெட்டு முதல் இருபது நாளில் பொரிக்குமாம். இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்.

நூலகத்தில் பறவைப் புத்தகம் எடுத்து வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை. முப்பது வருடத்துக்கு மேல் இந்த வளவில் இந்தப் புறாவைக் கண்டும் நான் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது. உடம்பு சாம்பல், கழுத்துப் பக்கம் மெல்லிய ரோசாச் சாயல். கண் செம்மஞ்சள், அதைச் சுற்றி ரோசா வளையம். தலையில் அந்த ஒற்றைக் கறுப்பு ஊசி, எந்த நேரமும் நிமிர்ந்தபடி. செட்டையில் கறுப்புக் கோடுகள், அதற்குக் கீழே பச்சையும் ஊதாவும் மின்னுகிற ஒரு துண்டு, வெள்ளைக் கரை. நிழலில் நின்றால் சாதாரணச் சாம்பல் புறா. வெயிலில் ஒருக்கால் திரும்பினால் உன் கூறைச்சேலைக் கரைதான். அந்தச் சேலையை அம்மா போன கிழமை எடுத்துக் காற்றாட விட்டாள். ஏன் விட்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு பழைய கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. நாலாம் வகுப்பில் நீ இந்தப் புறாவைப் பற்றி ஒரு பெரிய அட்டையில் எழுதி ஒட்டினாய். பெயர் என்ன என்று என்னிடம் கேட்டாய். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ‘டொப்நொட்’ என்று சொல்லிக் கேட்டதால் நானும் டொப்நொட் பிஜன் என்று எழுதச் சொன்னேன். ரீச்சர் பிழை போட்டார். நீ அழுதாய். ரீச்சருக்குத்தான் தெரியாது என்று நான் உனக்குச் சொன்னேன். பிள்ளை, ரீச்சர் சொன்னதுதான் சரி. இது கிரெஸ்டட் பிஜன். டொப்நொட் என்பது வேறு சாதி, பெரிய உடம்பு, கிழக்குக்கரை மழைக்காடுகளில் பழம் தின்று வாழ்கிறது. எங்கள் ஊசித்தலையன் நிலத்தில் நடந்து விதை பொறுக்குகிறவன். எனக்கு இது தெரிந்து பத்து வருடமாவது இருக்கும். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

குரல் பெரிய குரல் இல்லை. கூரையில் கிடந்து நாள் முழுக்கக் கத்துவது புள்ளிப்புறா. அது எங்கள் பக்கத்துப் பறவை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதன் சத்தம் கேட்டால் சாவகச்சேரி வீட்டு முற்றம் என்று அம்மா கண்ணை மூடுகிறாள். இவனோ இந்த மண்ணின் ஆள். ‘வூ’ என்று ஒரு ஊதல், போத்தல் வாயில் காற்று ஊதினமாதிரி, அவ்வளவுதான். ஆண் பெண்ணுக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்து, வாலை விசிறிபோலத் தூக்கி, அந்த மின்னுகிற துண்டு தெரியச் செட்டையை அரைவாசி விரித்து, ஒவ்வொரு கும்பிடுக்கும் ஒரு ‘வூ’. எங்கள் உடுப்புக்கொடிக் கம்பியில் அரை மணி நேரம் கும்பிட்டான். பார்க்கிறவர்களுக்கு என்ன மரியாதையான பிள்ளை என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தண்ணீர் வைக்கிறேன். அம்மாவின் பழைய சோறு வடிக்கிற சட்டியில். நேரே வந்து குடிக்காது. முதலில் மரத்தில் இருந்து சுற்றிலும் பார்க்கும், பேந்துதான் இறங்கும். இறங்கினால் மற்றக் குருவிகள்போல ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்குவதில்லை, அலகை உள்ளே வைத்தபடி உறிஞ்சும். இவர்கள் முந்தி சிட்னிப் பக்கத்து ஆட்களே இல்லையாம். உள்நாட்டு வறண்ட நிலம்தான் பூர்வீகம். காட்டை வெட்டி, ஆடுமாட்டுக்குத் தண்ணீர் தேக்கி, புல்லும் தானியமும் விதைத்தபிறகு மெல்ல மெல்லக் கரைக்கு வந்தார்கள். இப்போது தஸ்மேனியாவையும் வடக்கு நுனியையும் விட்டால் கிட்டத்தட்ட எங்கும் உண்டு. உன் பக்கமும் நிறைய இருக்கும், வேலையிடத்துப் புல்தரையில் பார். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து இருக்கிறாய்தானே? அறைக்குள்ளேயே இருந்து சாப்பிடாதே. கூட வேலை செய்கிற பெண்களோடு இருந்து சாப்பிடு. அந்த வியட்நாம் பிள்ளை இன்னும் இருக்கிறதா? நல்ல பிள்ளை. அவளின் நம்பரைப் பாடமாக்கி வைத்துக்கொள், போனில் மட்டும் வைத்திருந்தால் போன் இல்லாத நேரம் என்ன செய்வது.

நான் உண்மையில் எழுத நினைத்தது அதன் செட்டையைப் பற்றித்தான்.

இந்தப் புறா எழும்பும்போது ஒரு விசில் கேட்கும், உனக்குத் தெரியும். தொண்டையால் வருவதில்லை, செட்டை அடிக்கிற சத்தம். பழைய சைக்கிளுக்கு எண்ணெய் போடாமல் மிதித்தமாதிரி என்று நான் சொல்ல நீ சிரிப்பாய். நீ படித்த அதே பல்கலைக்கழகத்தில், கன்பராவில், இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2009இல் ஒரு ஆய்வு. சும்மா இடம் மாறப் பறந்த சத்தத்தையும், பயந்து எழும்பிய சத்தத்தையும் பதிவு செய்து மேய்கிற கூட்டத்துக்குப் போட்டுக் காட்டினார்கள். சும்மா பறந்த சத்தத்துக்கு ஒன்றும் பறக்கவில்லை. பயந்து எழும்பிய சத்தம் கேட்டதும் பல தரம் கூட்டம் எழும்பிப் பறந்தது. பிறகு 2017இல், அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றும் கண்டுபிடித்தார்கள். செட்டையில் எட்டாவது பெரிய இறகு. பக்கத்து இறகுகளோடு பார்த்தால் அது அரைவாசி அகலம்தான். அந்த ஒன்றை வெட்டிவிட்டு, புறா எழும்பிய சத்தத்தைப் போட்டால் மற்றவை பெரும்பாலும் பறக்காமல் நின்றன.

புறா கூப்பிடுவதில்லை, பிள்ளை. ஆபத்து என்று எதையும் சொல்வதில்லை. தான் தப்புவதற்கு வேகமாக அடிக்கிறது, அந்த வேகமே மற்றவைக்குச் செய்தி. பக்கத்தில் இருக்கிறவைக்குக் காது இருந்தால் போதும்.

அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

தைப்பொங்கலுக்கு நீ வந்தபோது பஸ்ஸில் வந்தாய். கார் எங்கே என்று கேட்டேன். "அவருக்கு வேணுமாம்" என்றாய். அது நான் வாங்கித் தந்த கார், உன் பெயரில் இருக்கிற கார். சரி, புருசன் பெண்சாதிக்குள் என்ன உன்னது என்னது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் நீ குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாய். எனக்கு முகத்தைக் காட்டவில்லை. "அப்பா, நான் இஞ்ச கொஞ்ச நாள் நிக்கட்டே?" என்று கேட்டாய். எனக்குக் கேட்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். கேட்டது. நன்றாகக் கேட்டது. நான் என்ன சொன்னேன்? "அங்க தம்பிக்கு ஆர் சமைக்கிறது?" என்றேன். உன் அறையில் அரிசி மூட்டையும் அம்மாவின் தையல் மெஷினும் கிடக்கிறது, படுக்கக் கஷ்டம் என்றும் சொன்னேன்.

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த நாள் நானே உன்னைச் சென்ட்ரலுக்குக் கூட்டிப்போய்ப் பஸ் ஏற்றினேன். வழியில் உன் போன் ஆறு தரம் அடித்தது. ஒவ்வொரு தரமும் நீ எடுத்து எந்த இடம் என்று சொன்னாய். பரமட்டா தாண்டியாச்சு. ஹோம்புஷ். ஆஷ்ஃபீல்ட். லைட்டில நிக்கிறம். அப்பாதான் ஓடுறார், வேற ஒருத்தரும் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? மருமகன் எவ்வளவு கரிசனை, பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று கேட்டபடியே இருக்கிறார் என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனாள். அவளுக்கு விளங்கியிருக்கிறது. எனக்குத்தான் விளங்க ஒரு புறாவின் இறகு வேண்டியிருந்தது.

விசாரித்தது நான். என்ன படிப்பு, என்ன சம்பளம், குடிப்பாரா, ஊரில் எந்தப் பகுதி, எல்லாம் விசாரித்தேன். நானூறு பேருக்குச் சொல்லி மண்டபம் எடுத்தேன். என் கணக்குப் பிழை என்று அந்த நானூறு பேருக்கும் தெரிந்துவிடுமே என்றுதான் குசினியில் அப்படிச் சொன்னேன். வேறு காரணம் இல்லை. போன வெள்ளி வைகாசிக்குன்றுக் கோயிலில் ஒருவர், "மகள் எப்பிடி, விசேஷம் ஒண்டும் இல்லையோ" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் கார் நிறுத்துகிற பக்கம் வந்துவிட்டேன். முதல் தரமாக மரியாதை இல்லாமல் நடந்தேன். ஒன்றும் இடிந்து விழவில்லை.

வருடப் பிறப்புக்கு நீ இரண்டு நிமிடம் கதைத்தாய், அதுவும் ஸ்பீக்கரில். அதற்குப் பிறகு இல்லை. நீயும் ஒரு வரி எழுதியிருக்கலாம், எங்களுக்கும் வயது போகிறது. இல்லை, இதை வெட்டிவிட வேண்டும். ஆனால் திரும்ப எழுதினால் இந்தக் கடிதம் போகாது, கிடக்கட்டும்.

இப்போது ஒரு கரவோங் பறவை இரண்டு நாளாகக் கூட்டைப் பார்த்துக்கொண்டு வேலியில் இருக்கிறது. கறுப்பன், மஞ்சள் கண். முட்டையும் தின்னும், குஞ்சும் தின்னும். நான் கதிரையைத் தேசி மரத்துக்குக் கீழே போட்டுவிட்டேன், தேத்தண்ணியும் அங்கேதான். புறாவுக்கு என்னில் பயம் போய்விட்டது. நான் கையைத் தட்டிக் கரவோங்கைக் கலைத்தாலும் அது எழும்புவதில்லை.

அரிசி மூட்டையைக் கராஜுக்கு மாற்றிவிட்டேன். தையல் மெஷின் ஹோலில். உன் கட்டிலுக்கு அம்மா புது விரிப்புப் போட்டிருக்கிறாள். பின்கதவுத் திறப்பு பழைய இடத்தில்தான், இரவு எத்தனை மணி என்றாலும் கேற் பூட்டியிருக்காது. பாஸ்போர்ட்டும் காரின் மற்றத் திறப்பும் உன் கைப்பைக்குள் இருக்கட்டும். கன்பராவிலிருந்து இங்கே மூன்று மணித்தியாலம், கோல்பர்னில் நின்று ஒரு கோப்பி குடிக்கலாம். நீ ஓட ஏலாது என்றால் வேலையிடத்து வாசலில் நில், நான் வருகிறேன். காரணம் ஒன்றும் கேட்க மாட்டேன், போகும் வழி முழுக்க வீட்டுக்கடன் வட்டியைப் பற்றியும் கதைக்க மாட்டேன்.

அப்பா

பி.கு: அரைவாசிக்குக் கீழே இறங்க விடாதே.