கட்டை அவிழ்த்தவர்

ஆசிரியருக்கு,

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்துவிடும் என்று நம்பி குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். போர்செட் மோட்டாரின் செம்புக் கம்பியை அறுத்த பதினேழு வயதுப் பையனைத் தென்னையில் கட்டிவைத்தார்கள். நானும் வேடிக்கைதான் பார்த்தேன், என்ன சொல்ல. மோட்டாரைப் பார்க்க வந்த வெளியூர் மெக்கானிக், கட்டை அவிழ்த்து டீயும் பன்னும் வாங்கித் தந்தார். அப்புறம், “நீ அறுத்ததுக்கு நீயே கம்பி சுத்து. முடிக்கிற வரைக்கும் நகரக் கூடாது தம்பி” என்றார். இருட்டும்வரை விடவில்லை. மறுநாள் தாமதமாக வந்தவனைத் திருப்பி அனுப்பினார். அதற்கடுத்த நாள் ஆறு மணிக்கே வந்து நின்றான். இப்போது ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கிறான்.

18 வயதுக்குட்பட்டவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம். தென்னையில் மட்டும் கட்டலாமா? குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு போன் போட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

- ஒரு விவசாயி, திருவையாறு வட்டம்