கயிறு உன் கைக்கு வரட்டும்

ஆண்டாப் ஹில், மும்பை

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். ஆக்லாந்தில் உன்னோடு வேலை பார்ப்பவர், புதன்கிழமை மாலைகளில் பாய்மரப் படகெடுக்கும் மூத்த கேப்டன் ஒருவரிடம் உன்னைச் சேர்த்துவிடுவதாகச் சொன்னதையும், ஒன்றும் தெரியாமல் போய் அவர்களுக்கு இடைஞ்சலாக இருப்பானேன் என்று நீ தள்ளிப்போட்டு வருவதையும் போன வாரம் சொன்னாய். அப்போது நான் பதில் சொல்லவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவன் என்றாலும், காற்றை நம்பி ஓடும் படகில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று பட்டது. அதனால், சனிக்கிழமை மாலை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து கற்றுக்கொள்பவர்களை அழைத்துப் போகும் படகு ஒன்றில் இடம் கேட்டுப் போய் வந்தேன். இப்போது சொல்கிறேன், நீ போக வேண்டும்.

படகு 24 அடி நீளம். அடியில் ஏரா என்னும் கனத்த பகுதி நீருக்குள் இறங்கியிருப்பதால் சாய்ந்தாலும் எளிதில் கவிழாது. கேப்டனுக்கு ஏறக்குறைய என் வயது. படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கும் முன் பத்து நிமிடம் எங்களைச் சும்மா நிற்க வைத்து, "ஹவா தேக்கோ" என்றார். கண்ணுக்குத் தெரியாத காற்றை எப்படிப் பார்ப்பது என்று விழித்தேன். கொடி பறக்கும் திசையையும், தண்ணீரின் மேல் கருத்து நகரும் திட்டுகளையும் காட்டினார். அந்தக் கருத்த திட்டு வந்து சேரும்போதுதான் காற்றின் வேகம் கூடுகிறது. நங்கூரமிட்ட படகுகளின் முகம் கொடி காட்டும் திசைக்குப் பொருந்தவில்லையே என்று கேட்டேன். அவை நீரோட்டத்துக்குத் திரும்பி நிற்கின்றன, காற்று வேறு, ஓதம் வேறு, இரண்டையும் கணக்கில் எடுக்காதவன் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேரமாட்டான் என்றார். பணிக்காலம் முழுவதும் நான் பார்த்துக்கொண்டிருந்த காட்சி அது. ஒரு நாளும் அதற்குக் காரணம் கேட்டதில்லை.

பிற்பகலில் நிலம் சூடேறி, கடலிலிருந்து வடமேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை என்னிடம் கொடுத்தார்கள். எலிஃபண்டா படகுகள் போகும் வழியை நாங்கள் தாண்டும்போது திடீரென்று ஒரு வீச்சு வந்து படகு ஒரு பக்கமாகச் சாய, நான் பயத்தில் கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி இன்னும் பலமாக இழுத்தேன். படகு மேலும் சாய்ந்தது. "டீல் தோ!" என்று கேப்டன் கத்தினார். மொட்டை மாடியில் சங்கராந்திக் காற்றாடி விடும்போது நீ எனக்குக் கத்துவாயே, அதே சொல். கயிற்றைத் தளர்த்தினேன். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, படகு தானாக நிமிர்ந்தது. கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றாதே, பாய் ஒரு இழுப்பு இழுத்தால் விரல் மிஞ்சாது என்று அதன்பின் அமைதியாகச் சொன்னார். உள்ளங்கையில் சிவந்த தழும்பு இன்னும் இருக்கிறது. பயந்தால் இறுக்கிப் பிடிப்பதுதான் நம் சுபாவம். இந்த ஒன்றைப் புத்தகத்தில் நூறு முறை படித்திருந்தாலும் என் கை கற்றிருக்காது.

சுக்கானிலும் அப்படித்தான். வலப்பக்கம் போக வேண்டும் என்று சுக்கானின் கைப்பிடிக் கட்டையை வலப்பக்கம் தள்ளினேன், படகு இடப்பக்கம் திரும்பியது. கட்டையைப் பார்க்காதே, தாஜ் ஹோட்டல் கோபுரத்தைப் பார் என்றார்; கண் அங்கே நிலைத்ததும் கை அடங்கியது. திரும்பும் வழியில் காற்று எதிரே இருந்ததால் நேராக வர முடியவில்லை. அதிலிருந்து ஏறத்தாழ 45 டிகிரி விலகி ஒரு பக்கமும், பிறகு மறுபக்கமுமாக வளைந்து வளைந்து வந்தோம். நம் துறைமுகம் கிழக்கு பார்த்தது, சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும். அது இறங்கியதும் காற்று செத்துவிடும் என்று முன்கூட்டியே படகைத் திருப்பியிருந்தார். உனக்கு அந்தக் கவலை குறைவு. அங்கே இப்போது கோடை, இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்குமே.

இடைஞ்சல் என்று நீ சொன்னதை அவரிடமே கேட்டேன். படகு சாயும்போது மேல்பக்க விளிம்பில் ஏறி உட்கார ஆள் வேண்டும், ஒன்றும் தெரியாதவரின் எடையும் அங்கே பயன்படும், தெரியாததைத் தெரிந்தது போல் காட்டுபவரோடுதான் சிரமம் என்றார். ஆகவே படகில் ஏறியதும் இது எனக்கு முதல் முறை என்று கேப்டனிடம் சொல்லிவிடு. படகு திரும்பும்போது நடுவில் எழுந்து நிற்காதே. பாயின் அடிக்கட்டை குறுக்கே வீசும்போது தலையில் அடிக்கும்.

தாரிணி படகில் உலகைச் சுற்றிய இரண்டு கடற்படைப் பெண்களை நினைத்துக்கொள். கேரளத்தின் தில்னாவும் புதுச்சேரியின் ரூபாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பட்டு, நீ இருக்கும் நியூசிலாந்தின் லிட்டெல்டனிலும் நின்று, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். 2012 நவம்பரில் இதே மும்பையிலிருந்து தனியாகப் புறப்பட்டு எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி வந்த அபிலாஷ் டோமிதான் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்தப் பெண்களுக்கும் ஒரு மூத்தவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டியிருந்தது.

ரப்பர் அடி வைத்த காலணி போட்டுக்கொள், சட்டைக்கு மேல் சட்டையாக ஒன்று எடுத்துப் போ. லைஃப் ஜாக்கெட்டின் எல்லா வாரையும் பூட்டச் சொல்லி அம்மா இரண்டு முறை எழுதச் சொன்னாள். புதன்கிழமை போய் வந்து, அந்தக் கேப்டன் முதலில் உன் கையில் கொடுத்தது கயிறா சுக்கானா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா