செஞ்சிக் கோட்டையில் கூத்து: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பழகிவரும் தேசிங்குராஜன் கூத்தை, நவம்பர் 19 முதல் 25 வரையிலான உலகப் பாரம்பரிய வாரத்தில் செஞ்சிக் கோட்டைக்குள்ளேயே நடத்த இந்தியத் தொல்லியல் துறையிடம் விண்ணப்பித்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. "டிக்கெட் எடுத்துட்டு உள்ளே போனா போதாதா, இதுக்கு எதுக்கு சார் மனு?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள்.

சுற்றிப்பார்க்க மட்டும் என்றால் போதும்தான். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஆனால் கூட்டம், விருந்து, கலை நிகழ்ச்சி என்று எது நடத்தினாலும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்கிறது பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கான 1959-ஆம் ஆண்டு விதி. வழக்கமாக நடந்துவரும் மத வழிபாட்டுக்கு மட்டுமே விலக்கு. பள்ளிக்கூடம் என்பதற்காகத் தனிச் சலுகை இல்லை, இருக்கவும் கூடாது என்பது என் எண்ணம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியர் காலக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். ஆளாளுக்குப் பந்தல் போட்டால் அது தாங்காது.

கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில், கல்யாண மகாலுக்கு எதிரே உள்ள புல்வெளியைக் கேட்டிருக்கிறோம். 1714-இல் ஆற்காட்டு நவாபுடன் மோதி மாண்ட தேசிங்கின் கதையை, அவன் ஆண்ட இடத்திலேயே பிள்ளைகள் ஆடட்டும் என்று நினைத்தோம். மேடை கிடையாது, குழி தோண்டிக் கம்பம் நடுவது கிடையாது, மைக்கும் கிடையாது என்று மனுவிலேயே எழுதிக் கொடுத்துவிட்டோம். மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் மட்டும்தான். இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பதால் கூத்து பகலில்தான். "பகல்ல என்னய்யா கூத்து?" என்று கூத்து வாத்தியார் முதலில் முறைத்தார், அப்புறம் சரி என்றுவிட்டார். கட்டியக்காரனாக வரும் பையனின் குரலைக் கேட்டவர்கள் மைக் இல்லையே என்று கவலைப்பட மாட்டீர்கள்.

சாப்பாட்டுச் செலவை ஏற்கிறேன், கடைப் பெயரில் ஒரு பேனர் மட்டும் கட்டிக்கொள்கிறேன் என்றார் ஒரு பெற்றோர். நல்ல மனசுதான். ஆனால் உரிமம் இல்லாமல் உள்ளே விளம்பரம் வைக்கக் கூடாது. அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் சமைக்கவும் சாப்பிடவும் கூடாது என்பதும் விதி. அதனால் மதியச் சாப்பாடு வாசலுக்கு வெளியேதான். செல்போனில் படம் எடுக்கலாம், டிரோன் வேண்டாம்.

சுவரில் பெயர் கிறுக்கும் பழக்கத்தைப் பற்றி வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளே போனால் பிள்ளைகளின் பெயரைவிடப் பெரியவர்கள் கிறுக்கிய பெயர்கள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அனுமதி கிடைக்காவிட்டால் கூத்து நம் பள்ளி மைதானத்தில் நடக்கும். கோட்டைக்குப் போவது எப்படியும் உண்டு, அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. மலை ஏறுவது மட்டும் இந்தப் பயணத்தில் இல்லை.

இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். ஒத்தாசைக்கு வர விரும்பும் பெற்றோர் அதிலேயே பெயரை எழுதிவிடுங்கள். அனுமதிக் கடிதம் வந்ததும் தேதியைத் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்