புரட்டிய இமையை ஒரு படம் எடுங்கள்

டிரக்கோமா என்ற தொற்றுக் கண்நோய்க்கான கணக்கெடுப்புகளைத் திட்டமிட்டு நடத்தும் மருத்துவ அதிகாரிகளுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்குபவர்களுக்கும்,

வணக்கம்.

எத்தியோப்பியாவின் அம்ஹாரா மாநிலத்தில் சில ஆண்டுகள் கண் பரிசோதனை கற்பித்துவிட்டு, இப்போது தமிழ்நாட்டில் அதே பாடத்தை நடத்திவருகிறேன். அங்கே என்னிடம் படித்த மாணவர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். இரண்டு முறை கணக்கெடுத்து முடித்த ஒரு வொரெடாவுக்கு (அந்நாட்டு மாவட்டம்) மூன்றாவது முறையாகக் குழு போகிறதாம். முந்தைய எண்களை நம்ப முடியவில்லை என்பதுதான் காரணம். இரண்டாவது முறை அவருடன் நானும் போயிருந்தேன். அன்று முதல் மனதில் கிடப்பதை இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தற்செயலாக, முதல் முறை தேர்வான ஊர் ஒன்று மறுபடியும் தேர்வாகியிருந்தது. அங்கே ஒரு வீட்டில் நான்கைந்து வயதுச் சிறுமி. எங்கள் வண்டியைக் கண்டதும் மாட்டுக் கொட்டிலுக்குள் ஓடி ஒளிந்துகொண்டாள். தாய் தூக்கிவந்து மடியில் இருத்தி, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மேல் இமையைப் புரட்டுவது வலிக்காது என்றுதான் நாம் பாடம் நடத்துகிறோம். ஒருமுறை புரட்டப்பட்ட குழந்தையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அவள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஓடிவிட்டார்கள். மாணவர் பார்த்தார், "இல்லை" என்றார், கைப்பேசியில் "இல்லை" என்று பதிவானது. அப்போது தாய் கேட்டார்: "போன தடவை வந்தவர்கள் இருக்கிறது என்றார்களே? அன்றைக்கு என்ன பார்த்தார்கள்?"

எங்களிடம் பதில் இல்லை. நடுவில் இருந்த மாதங்களில் இமைக்குள் இருந்த குருணைகள், அதாவது இந்நோயின் அடையாளமான சிறு புள்ளிகள், தாமாக மறைந்திருக்கலாம். முதலில் பார்த்தவர் தவறாகக் கண்டிருக்கலாம். என் மாணவரே தவறியிருக்கலாம். மூன்றில் எது என்று சொல்ல உலகத்தில் எந்தச் சான்றும் கிடையாது. ஒரு படம் இருந்திருந்தால் அந்தத் தாய்க்கு அங்கேயே காட்டியிருப்போம். மூன்றாவது வண்டிக்கும் வேலை இருந்திருக்காது.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. 1987இல் வகுத்த எளிய முறைப்படி, மேல் இமையின் உட்புற நடுப்பகுதியில் குறைந்தது அரை மில்லிமீட்டர் அளவில் ஐந்து குருணைகள் இருந்தால் நோய் உண்டு, நான்கென்றால் இல்லை. வேகவைத்த சவ்வரிசிபோல் தெரியும் அந்தப் புள்ளிகளை, இரண்டரை மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி வழியாக, வெயிலில், திமிறும் குழந்தையின் கண்ணில், சில நொடிகளில் எண்ண வேண்டும். ஒன்று முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் ஊர்முழுக்க அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பது நிற்கும். முப்பதும் அதற்கு மேலும் என்றால் குறைந்தது ஐந்து ஆண்டுகள் தொடரும். ஒரு கணக்கெடுப்புப் பகுதியில் ஒன்று முதல் இரண்டரை லட்சம் பேர் வாழ்கிறார்கள். அத்தனை பேரின் மருந்தை, யாரும் திரும்பிப் பார்க்க முடியாத அந்தச் சில நொடிகள் தீர்மானிக்கின்றன. இரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்தால் கண்ணாடித் தகட்டை மறுபடி எடுத்துப் பார்க்கிறோம். இங்கே மறுபடி எடுத்துப் பார்ப்பதற்கு இருப்பது குழந்தையின் கண் மட்டும்தான்.

2012 இறுதியில் தொடங்கிய உலக டிரக்கோமா வரைபடத் திட்டத்தில் 29 நாடுகளில் 26 லட்சம் பேரின் கண்களைப் பார்த்தார்கள். பெரிய சாதனை, மறுக்கவில்லை. அந்த விவரங்கள் அனைத்தும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பதிவாயின. கேமரா அப்போதே கையில் இருந்தது. அதே கைப்பேசியில் இன்றும் "உண்டு", "இல்லை" என்று தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிறோம்.

படம் எடுப்பதில் சிக்கல்கள் உண்டு, எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஈரமான இமையில் ஒளி பட்டுத் தெறித்து, குருணை இருக்கும் இடமே வெள்ளைத் திட்டாகிவிடும். குழந்தை அசைந்தால் படம் கலங்கும். இமையை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் எடுக்க வேண்டும். ஆனால் பதிவு செய்பவர் எப்படியும் பக்கத்தில்தான் நிற்கிறார். ஒன்றுக்கு மூன்று படம் எடுத்தால் ஒன்றாவது தேறும். எந்த ஊர், மருந்து கொடுத்த ஊரா கொடுக்காத ஊரா என்று அறியாத இருவர் பிறகு தனித்தனியே பார்க்கட்டும். அவர்கள் முரண்பட்டால் மூன்றாமவர் சொல்லட்டும். முகம் தெரிய வேண்டியதில்லை. இமையின் உட்புறமும் ஓர் எண்ணும் போதும். தாயின் சம்மதம் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் டிரக்கோமா பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் அறிவித்தது. மகிழ்ச்சி. இன்று என் வகுப்பில் இருக்கும் முப்பது பேரில் ஒருவர்கூட உயிருள்ள கண்ணில் அந்தக் குருணைகளைப் பார்த்ததில்லை. நோய் குறையக் குறைய அதை அடையாளம் காணும் கண்களும் குறைகின்றன. நோய் திரும்பிவந்தால் யார் கண்டுபிடிப்பது? அவர்களுக்குக் காட்ட, இதுவரை புரட்டிய லட்சக்கணக்கான இமைகளில் எத்தனையின் படம் நம்மிடம் இருக்கிறது?

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம் என்று சொல்ல விரும்பினேன். ஆனால் கோபம் இருக்கிறது. வண்டிக்கு எரிபொருள், குழுவுக்குப் படி, அச்சிட்ட சட்டை என்று எல்லாம் செலவுக் கணக்கில் வருகிறது. ஏழைக் குழந்தையின் அழுகைக்கு அங்கே ஒரு வரி இல்லை. நோய் பரவாமலிருக்க முகம் கழுவுங்கள் என்று அந்தத் தாயிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு வந்தோம். அவர் தண்ணீர்க் குடத்தோடு எவ்வளவு தூரம் நடந்துவந்தார் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. இது வேறு மடலுக்கு உரியது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது ஒன்றுதான். புரட்டிய இமையை ஒரு படம் எடுங்கள், எடுத்ததைப் பத்திரமாக வையுங்கள். மழை ஓய்ந்ததும் குழுக்கள் புறப்பட்டுவிடும். அதற்கு முன் பயிற்சிக் கையேட்டில் இதற்கு ஒரு வரி சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எல்லாக் குழந்தைகளுக்கும் இயலாது என்றால், "உண்டு" என்று பதியும் ஒவ்வொரு குழந்தைக்கும், பத்து "இல்லை"களில் ஒன்றுக்குமாவது எடுங்கள். மூன்றாவது முறையாக அந்த வீட்டுக்குப் போகிறவர்கள், அந்தச் சிறுமியின் தாயிடம் படத்தைக் காட்டிவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
கண் பரிசோதனை ஆசிரியர் ஒருவர்