மார்கழிக்கு ஒரு ஜமக்காளம்

ஈரோடு
30 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய மெசேஜுக்கெல்லாம் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குக் கோபம் என நம் காலேஜ் கூட்டாளி ஒல்லி சொன்னான். கோபம் நியாயம்தான். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி, ஆனாலும் சந்தைக்குப் போவதை விடவில்லை. பெரியவள் பத்தாவது, அதனால் டிவிக்கு விடுமுறை. அங்கே குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள்? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு நம் கூட்டாளி சோடாபுட்டி, பவானி ஜமக்காளத்தை ஆன்லைனில் விற்கக் கிளம்பினான் அல்லவா? உசுப்பிவிட்டதே நீதான். அவன் என்னிடம் வராமல் ஒரு விளம்பரக் கம்பெனியிடம் போனான். நான் செய்தால் காசு வாங்கமாட்டேன், அது அவனுக்குச் சங்கடமாம். அவர்களும் சீக்கிரமே சைட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். திறந்ததும் பட்டாசு வெடிக்கும், விளக்கு எரியும், அப்புறம் சிவப்பில் ஒரு கடிகாரம் ஓடும்: ‘இந்த விலை இன்னும் 1 மணி 59 நிமிடம்தான்’. அதற்குக் கீழே ‘3 மட்டுமே மீதி’. பவானியில் அவன் வீட்டு முன்னறையில் ஜமக்காளம் உத்தரம் வரை அடுக்கிக் கிடக்கிறது, நானே பார்த்தேன். பக்கத்தை மூடித் திறந்தால் கடிகாரம் மறுபடியும் 1 மணி 59 நிமிடத்தில் நிற்கும்.

கோபியிலிருந்து ஒரு டீச்சரம்மா கடை நம்பருக்குக் கூப்பிட்டார். அன்றைக்குப் போனை எடுத்தது சோடாபுட்டியின் அப்பா. “ஏனுங்க, நேத்தும் ரெண்டு மணி நேரம்னு ஓடிச்சு, இன்னிக்கும் அதேதான் ஓடுது. உங்க ஊர்ல நேரம் நகரவே நகராதுங்களா?” அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பேரனைக் கூப்பிட்டு சைட்டைத் திறக்கச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பிறகு மகனிடம் கேட்டார்: “கடைக்கு வர்றவங்க பட்டை எத்தனைன்னு எண்ணிப் பார்த்துத்தான் ஜமக்காளம் வாங்குவாங்க. அவங்ககிட்ட எண்ணிக்கையிலயாடா பொய் சொன்னே?”

அன்று ராத்திரியே அவன் என் வீட்டு வாசலில் நின்றான். கடிகாரத்தைத் தூக்கினேன். தீபாவளி வியாபாரம் சுமாராகப் போனது, அவ்வளவுதான்.

இனி உன்னோடு சண்டை. ‘பண்டிகை சீசனில் எல்லோரும் கடிகாரம் போடுகிறார்கள், போடாதவன் காணாமல் போவான்’ என்று அன்றைக்குச் சொன்னாயே, அந்த வாக்கியம் இன்னும் எனக்குள் கிடந்து உறுத்துகிறது. இன்று என்ன தேதி பார். 2023ல் இதே நவம்பர் 30ஆம் தேதிதான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. பட்டியலில் முதலாவதே போலி அவசரம்! அடுத்தது, கேட்காமலே கூடைக்குள் இன்சூரன்ஸையும் நன்கொடையையும் நுழைப்பது. ‘வேண்டாம்’ என்று அழுத்துகிறவனை ‘எனக்குச் சேமிக்க விருப்பமில்லை’ என்று சொல்லவைத்து வெட்கப்படுத்துவதும் உண்டு. இந்த வருடம் ஜூனில், உங்கள் சைட்டை நீங்களே தணிக்கை செய்யுங்கள், மூன்று மாதம் அவகாசம் என்று ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கெல்லாம் அறிவுரை போனது. உன் தொழில் இது, என்னைவிட உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் நம் சோடாபுட்டிக்கு அதைச் சிபாரிசு செய்தாயே, அதுதான் எனக்கு வருத்தம்.

பண்டிகைக்காலத்து இணையம் என்றால் இதுதான் என்று எப்போது ஆனது? 2006 டிசம்பரில் காலேஜ் லேபில் நாம் அடித்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? போட்டோவை ஏற்றினால் அந்த முகத்தோடு குட்டி பொம்மை ஆடுகிற ‘எல்ஃப் யுவர்செல்ஃப்’ சைட் வந்த வருடம். துறைத்தலைவர் போட்டோவை ஏற்றி, பச்சைக் குல்லாய் போட்டு ஆடவிட்டோம். மொட்டை சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தான். அதைச் செய்தது ஆபீஸ்மேக்ஸ் என்ற அமெரிக்கக் கடை. பேனா, பேப்பர், பைல் விற்கிறவர்கள். அந்த ஆட்டத்தில் ஒரு பேனாவைக்கூடக் காட்டவில்லை. கடல் தாண்டி, அவர்களிடம் ஒரு குண்டூசிகூட வாங்க வாய்ப்பில்லாத நமக்கு அந்தப் பெயர் இன்றைக்கும் மறக்கவில்லை. இன்னொன்று பார். 2011இல் அமெரிக்காவின் பெரிய தள்ளுபடி நாளான கருப்பு வெள்ளியன்று நியூயார்க் டைம்ஸில் படகோனியா என்ற துணிக் கம்பெனி முழுப்பக்கம் விளம்பரம் கொடுத்தது: ‘இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்’. தங்கள் ஜாக்கெட்டின் படத்தையே போட்டு, அதைச் செய்ய எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று எழுதினார்கள். அவசரப்படுத்துவதற்கென்றே இருக்கிற நாளில் நிதானமாகப் பேசினார்கள், ஊரே பேசியது. நம் ஊரிலேயே 2021 தீபாவளிக்கு கேட்பரி ஒரு சைட் போட்டது. தெருக்கோடி மளிகைக்கடைக்காரர்கூடத் தன் கடைப் பெயரைக் கொடுத்தால் ஷாருக்கான் அதைச் சொல்வதுபோல விளம்பரம் தயாராகி வரும். சின்னக் கடைக்காரனின் ஆசையைப் புரிந்துகொண்டு செய்த வேலை அது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. தூக்கம் போய்விட்டது, மாப்ளே.

நீ வருடாவருடம் விடிய விடிய உட்கார்ந்து போடுவாயே, நாளுக்கு ஒரு புரோகிராமிங் புதிர் தருகிற அட்வென்ட் ஆஃப் கோட் சைட், அது நாளைக்கு ஆரம்பிக்கிறது. இந்த முறை 12 நாள்தானாம். அங்கே தள்ளுபடி கிடையாது, ஆனால் 2015லிருந்து உலகம் முழுக்க ஆட்கள் டிசம்பர் ஆனால் அங்கே போய் நிற்கிறார்கள். காரணம், அதற்கு முன்மாதிரியான அட்வென்ட் காலண்டர் என்ற பழைய ஜெர்மன் காலண்டர். கிறிஸ்துமஸ் வரை 24 சின்னக் கதவு, நாளுக்கு ஒன்று. இன்றைய கதவை இன்றைக்குத்தான் திறக்க முடியும். அங்கே இருப்பது உண்மையான அவசரம், யாரையும் ஏமாற்றாத அவசரம். இதற்கு நமக்கு ஜெர்மனி எதற்கு? மார்கழி இருக்கிறதே! முப்பது நாள், விடியலில் எழுந்து தினம் ஒரு புதுக் கோலம், முடிவில் பொங்கல். நாள் எண்ணிக் காத்திருக்கிற பழக்கம் நம் பெண்களின் விரலிலேயே இருக்கிறது. நம் ஊர்ச் சைட்காரர்களோ டிசம்பர் ஆனால் திருப்பூர் பனியன் மேல் பனி கொட்டுகிற ஸ்கிரிப்டை ஓட்டுகிறார்கள். போன் சூடாவதுதான் மிச்சம்.

என் திட்டத்தைக் கேள். மார்கழி ஒன்று, அதாவது டிசம்பர் 16, காலையில் சைட்டைத் திறந்தால் வெறும் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், மட்டும் தெரியும். கீழே ஏழு நிறம். சாயம் தோய்த்த நூல் அவன் வீட்டில் அந்த ஏழில்தான் இருக்கிறது, அதனால் ஏழுதான். வருகிறவர்கள் அன்றைக்கு ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ராத்திரி எட்டு மணிக்கு ஓட்டு முடியும். மறுநாள் விடிந்ததும் அதிகம் பேர் கேட்ட நிறத்தை ஊடையாக, அதாவது குறுக்கு நூலாகப் போட்டு, நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை நெய்வார்கள். திரையிலும் அதே பட்டை ஏறும். கூடவே அரை நிமிட வீடியோ. தை ஒன்று, ஜனவரி 15 அன்று முப்பது பட்டையோடு ஏறக்குறைய ஏழு அடியில் ஒரு ஜமக்காளம் முடிந்திருக்கும். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்து போட்ட கரை! படங்களாக வைத்தால் பக்கம் கனத்துவிடும் என்று பட்டைகளைப் புரோகிராமிலேயே வரைந்துவிட்டேன். அந்தியூர் மலையோரத்தில் சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் திறக்கும்.

சோடாபுட்டி கேட்ட முதல் கேள்வி, ‘ஒரு தறி முப்பது நாள் முடங்கினால் கூலி யார் கொடுப்பது?’ சரியான கேள்வி. நெசவாளிக்குப் பீஸ் கணக்கில்தான் கூலி. தறி நின்றால் அவர் வீட்டில் அடுப்பு நிற்கும். நானும் பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அவன் அப்பா வந்து, “பின்னாடி என்ற தறி சும்மாத்தானே கிடக்குது, நான் போட்டுத் தர்றேன்” என்றார். இடுப்பு வலி வந்து தறிக்குழியில் இறங்குவதை நிறுத்தியவர். ஒரு நாளைக்கு நாலு விரல்தானே, முடியும் என்கிறார். அன்றைக்கு மத்தியானமே குழியில் இறங்கி, மிதியை அழுத்திப் பார்த்து, அறுந்த கயிறுகளை ஒவ்வொன்றாக முடிந்தார். நான் காட்டிய ஏழு நிறத்தில் இரண்டு பச்சை இருந்தது. ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது சிவப்புக்குப் பக்கத்தில் வந்தால் செத்துப்போகும், மாற்று என்றார். மாற்றிவிட்டேன்.

ஏன் மார்கழி என்று கேட்பாய். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஜமக்காளம் நகராது. தை பிறந்தால் முகூர்த்தம். நம் பக்கம் சீருக்கு உட்காரவும், மண்டபத்தில் சொந்தம் வந்து சேரவும் முதலில் விரிப்பது எது? முப்பது நாள் தறியைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் தை மாதம் யாரிடம் கேட்பார்கள்?

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்குப் பெரியது அதுதான். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்து 20 வருடம் ஆகப்போகிறது. 1985ஆம் வருடத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிய பதினொரு ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. அப்படியிருந்தும் சோலாப்பூர் விசைத்தறிச் சரக்கு பவானி பெயரில் பாதி விலைக்கு வந்து விழுகிறது. திரையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது, விலைதான் தெரியும். தறி ஓடுவதைத் தினமும் காட்டுவதைத் தவிர இதற்கு வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை. இங்கே பிள்ளைகள் தறியை விட்டுவிட்டு மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போவதை நீயும் பார்த்தவன். சோடாபுட்டியின் தெருவில் சாயங்காலம் நடந்தால் நாடா ஓடுகிற சத்தம் இப்போது ஓரிரு வீட்டில்தான் கேட்கிறது. அதை ஒரு கடிகாரம் காப்பாற்றாது, மாப்ளே.

ஒல்லியைப் பற்றி உனக்கு முழுதாகத் தெரியாது என்று நினைக்கிறேன். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கான வரியை 50 சதவீதம் ஆக்கியதிலிருந்து கரூரில் அவன் யூனிட்டில் பாதி மெஷின் உறை போட்டு நிற்கிறது. கிறிஸ்துமஸ் மேசைவிரிப்பு எப்போதும் ஆடி, ஆவணியிலேயே கப்பல் ஏறிவிடும், அது தப்பித்தது. அடுத்த ஆர்டருக்குத்தான் பதில் இல்லை. மான் படம் போட்ட சிவப்பு விரிப்பு கொஞ்சம் கையில் தங்கிவிட்டது, ஆன்லைனில் தள்ளலாமா என்று என்னிடம் கேட்டான். உன்னிடம் கேட்கக் கூச்சம். நீயாகவே ஒரு போன் போடு. பெங்களூரில் இந்த மூன்று வாரத்துக்குள் அது விற்கும், யாரிடம் கொடுக்கலாம் என்று உனக்குத்தான் தெரியும். தள்ளுபடி எவ்வளவு தாங்கும் என்பதை அவனிடமே கேட்டுவிட்டுப் பேசு, நீயாக ஒரு எண் சொல்லிவிடாதே.

இப்போது உன் வேலை. ஒன்று, வீடியோ. எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. டிசம்பர் 14 ஞாயிறு, லீவு போட்டு இரண்டு நாள் சேர்த்து வா. ட்ரைபாட் கொண்டு வா. தறிக்கொட்டகையில் வெளிச்சம் கிழக்கு ஜன்னல் வழியாக மட்டும்தான், ஏழரை மணிக்கு மேல் நன்றாக இருக்கும். செயற்கைப் படம், செயற்கைக் குரல் எதுவும் வேண்டாம், அப்பா என்ன பேசுகிறாரோ அதுவே போதும். பேரனுக்கு எடுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டால் மீதி நாளை அவன் பார்த்துக்கொள்வான். இரண்டு, ஒரே ஆள் நூறு ஓட்டுப் போடாமல் தடுக்க வேண்டும், ஆனால் ஓடிபி கேட்டால் நம் ஊர் அம்மாக்கள் பயந்து ஓடிவிடுவார்கள். வழி சொல். மூன்று, முடிந்த ஜமக்காளத்தை என்ன செய்வது? சோடாபுட்டி ஏலம் விடலாம் என்கிறான். அப்பா பொங்கலன்று தெருப் பந்திக்கு விரிக்க வேண்டும் என்கிறார். நான் அப்பா பக்கம். நீ யார் பக்கம் என்பதை வியாழக்கிழமைக்குள் சொல், முகப்பில் எழுத வேண்டும்.

மொட்டைக்கும் சொல்லிவிட்டேன், அவனும் 14ஆம் தேதி சேலத்திலிருந்து வருகிறான். அம்மா உனக்காக ஒப்புட்டு போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்