விழுங்குவதில்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மருத்துவ இணைப்பில் இப்படி ஒரு வரி வந்திருந்தது: "உடலெங்கும் ரோந்து சுற்றும் கொலையாளி டி செல்கள் வைரஸைக் கண்டதும் பாய்ந்து விழுங்கிவிடுகின்றன." இந்த ஒரே வரியில் மூன்று பிழைகள். நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒன்றான கொல்லும் டி செல் வைரஸைக் காண்பதில்லை, எதையும் விழுங்குவதில்லை, கண்டவுடன் பாயும் நிலையில் அது உருவாவதும் இல்லை. பக்கத்தில் போட்டிருந்த படமோ, பாக்டீரியாவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற இன்னொரு வெள்ளணுவின் படம். இரண்டும் வேறு வேறு செல்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. 2018இல் ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் நோபல் பரிசு பெற்றபோது, டி செல்களின் வேகத்தை அடக்கும் தடைக்கட்டைகளைப் பற்றி முழுப் பக்கம் எழுதிய இணைப்பு இது. அந்தத் தடை எந்தச் செல்லின் மீது இருக்கிறது என்று அன்று தெரிந்திருந்த இணைப்புக்கு, இன்று அந்தச் செல் என்ன செய்கிறது என்பது மட்டும் எப்படி மறந்துபோனது?

முதல் பிழையிலிருந்து தொடங்குகிறேன். வைரஸ் செல்லுக்குள் புகுந்துவிட்டால் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தால் அதைத் தொட முடியாது. ஆன்டிபாடி பிடிப்பது வெளியே மிதப்பதை. உள்ளே நடப்பதை வெளியே காட்ட வேண்டிய வேலை தொற்றிய செல்லுடையது. அந்தச் செல்லில் தயாராகும் புரதங்களில் ஒரு பங்கு, சொந்தப் புரதமானாலும் வைரஸ் புரதமானாலும், புரோட்டியசோம் என்ற வெட்டும் கருவியில் துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. டாப் என்ற கடத்தி அத்துண்டுகளைச் செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலைக்குள் ஏற்றுகிறது. அங்கே எம்எச்சி முதல் வகை என்ற, துண்டைத் தாங்கிக் காட்டும் மூலக்கூறின் பள்ளத்தில் 8 முதல் 10 அமினோ அமில நீளமுள்ள துண்டு சரியாகப் பொருந்தினால்தான் இரண்டும் சேர்ந்து மேற்பரப்புக்கு வரும். டி செல் படிப்பது இந்தத் துண்டையும் அதைத் தாங்கும் மூலக்கூறையும் சேர்த்துத்தான். 1974இல் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் பீட்டர் டோஹெர்ட்டியும் கான்பெராவில் எலிகளை வைத்துக் காட்டியது இதையே. வைரஸ் ஒன்றுதான், ஆனால் வேறு எம்எச்சி கொண்ட எலியின் தொற்றிய செல்லை டி செல்கள் தொடவில்லை. 1996இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. வைரஸை நேரடியாகக் கண்டு கொல்கிறது என்ற எண்ணம் 1974லேயே விழுந்துவிட்டது.

வைரஸ்களுக்கு இந்த வழி நன்றாகத் தெரியும். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸின் ஒரு சிறு புரதம் டாப் கடத்தியை அடைத்துவிடுகிறது. எச்ஐவியின் நெஃப் புரதம் மேற்பரப்பில் இருக்கும் எம்எச்சி மூலக்கூறுகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. எம்எச்சி என்ற காட்டும் பலகையே இல்லாத செல்லைச் சந்தேகப்பட்டுக் கொல்வதற்கு என்கே செல்கள் என்ற வேறு வெள்ளணுக்கள் தனியாக இருக்கின்றன. அவற்றுக்கும் தங்கள் இணைப்பில் சென்ற ஆண்டு "டி செல்லின் இன்னொரு பெயர்" என்று விளக்கம் வந்தது. அப்போதும் எழுதினேன். பதில் வரவில்லை.

அடுத்து, "கண்டதும் பாய்ந்து". ஒரு குறிப்பிட்ட துண்டைப் படிக்கக்கூடிய புதிய சிடி8 செல்கள், அதாவது இன்னும் தூண்டப்படாத கொல்லும் டி செல்கள், லட்சத்தில் ஒன்று, சில சமயம் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். அவை தொற்றிய திசுவைத் தேடி அலைவதில்லை. ரத்தத்துக்கும் நிணநீர்க்கணுக்களுக்கும் இடையே சுற்றிவருகின்றன. சேதியை அங்கே கொண்டுசேர்ப்பது டென்ட்ரைட்டிக் செல். தொற்று நடந்த இடத்தில் வைரஸ் புரதத்தை எடுத்துக்கொண்டு கணுவுக்கு வந்து அதைக் காட்டுகிறது. அப்போதும் துண்டு பொருந்துவது என்ற முதல் சைகை மட்டும் போதாது. டி செல்லின் சிடி28 ஏற்பி, எதிரே இருக்கும் செல்லின் சிடி80 அல்லது சிடி86ஐப் பற்ற வேண்டும். இது இரண்டாம் சைகை. இன்டர்லூக்கின் 12 அல்லது முதல் வகை இன்டர்ஃபெரான் என்ற சேதிப் புரதம் வந்து சேர வேண்டும், இது மூன்றாவது. முதல் சைகை மட்டும் கிடைத்தால் செல் செயலற்றுப்போகும். நம் சொந்தப் புரதத்தை எதிர்த்துப் போர் மூளாமல் இருக்க இதுவும் ஒரு காரணம். தடுப்பூசியில் துணைப்பொருள் சேர்ப்பதும் இரண்டாம், மூன்றாம் சைகைகளை எழுப்பத்தான். பல தொற்றுகளில் உதவி டி செல் வந்து சிடி40 வழியாக டென்ட்ரைட்டிக் செல்லுக்கு அனுமதி கொடுக்க வேண்டியும் இருக்கிறது.

மூன்றும் கிடைத்த பிறகும் முதல் பிரிவுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. அதன்பின் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்து, ஏழெட்டு நாளில் உச்சத்தைத் தொடுகின்றன. அந்த ஒரு வாரம்தான் நோயாளி காய்ச்சலோடு படுத்திருக்கும் வாரம். தொற்று அடங்கியதும் 90 முதல் 95 விழுக்காடு செல்கள் மடிந்துவிடும். மிச்சமிருப்பவை நினைவுச் செல்களாகின்றன. அடுத்த முறை விரைந்து எழுபவை அவைதாம். "கண்டதும் பாய்ந்து" என்று எழுதினால், இரண்டு நாளில் காய்ச்சல் தணியாத வாசகர் தன் உடல் தோற்றுவிட்டதென்று நினைத்துக்கொள்வார். தேவையில்லாமல் மாத்திரை தேடுவார்.

இனி விழுங்கும் கதை. இங்குதான் எனக்கு மனம் வருந்துகிறது. இந்தத் துறையின் மிக அழகான பகுதி இது.

டி செல் குறிசெல்லின், அதாவது கொல்லவேண்டிய தொற்றிய செல்லின், மேல் ஒட்டியதும், எல்எஃப்ஏ-1 என்ற பற்றும் புரதம் விளிம்பில் வளையம்போல் இறுகுகிறது. உள்ளே கால்சியம் உயர்கிறது. சில நிமிடங்களில் டி செல்லின் நுண்குழல்களுக்கு மையமான சென்ட்ரோசோம் ஒட்டிய பக்கத்துக்கு நகர்ந்து சவ்வை நெருங்குகிறது. அதன் நுண்குழல்கள் வழியே நஞ்சுத் துகள்கள் அந்த இடத்தில் வந்து குவிகின்றன. துகளின் உட்புறம் அமிலத்தன்மை உள்ளது. அந்த அமிலத்தில் பெர்ஃபோரின் என்ற துளையிடும் புரதம் வேலை செய்யாது. வெளியே கொட்டப்பட்டு, நடுநிலையான சூழலும் கால்சியமும் கிடைத்த பிறகே குறிசெல்லின் சவ்வில் படிகிறது. ஏறத்தாழ 20 மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்து துளையிடுகின்றன. குறிசெல் அந்தத் துளையைச் சில நிமிடங்களில் அடைத்துவிடும். ஆனால் அதற்குள் துகளில் இருந்த கிரான்சைம்கள் என்ற வெட்டும் நொதிகள் உள்ளே போயிருக்கும். கிரான்சைம் பி, அஸ்பார்ட்டிக் அமிலத்தை அடுத்து வெட்டும் கத்தரி. அது செல்லின் சாவை நடத்தும் காஸ்பேஸ் 3 என்ற நொதியையும் பிட் என்ற புரதத்தையும் வெட்டுகிறது. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி கசிகிறது. செல்லின் டிஎன்ஏ நறுக்கப்படுகிறது. செல் தன்னைத்தானே ஒழுங்காக மடித்துக்கொண்டு சாகிறது. வெடித்துச் சிதறினால் உள்ளிருக்கும் வைரஸ் அக்கம்பக்கம் பரவும்; வீக்கமும் கூடும். மடிந்த செல் தன் உட்புறச் சவ்வுக் கொழுப்பான பாஸ்ஃபாடிடில்செரினை வெளியே திருப்பிக் காட்ட, மேக்ரோஃபேஜ் வந்து துண்டுகளை விழுங்குகிறது. விழுங்குவது அதன் வேலை. டி செல் அதற்குள் விலகி அடுத்த செல்லுக்குப் போயிருக்கும்.

ஆய்வகத்தில் இதை அளக்கும் பழைய முறையே தங்கள் வரிக்குப் பதில். குறிசெல்களில் கதிரியக்கக் குரோமியம் 51ஐ ஏற்றி, டி செல்களோடு 4 மணி நேரம் வைத்து, மேலே நிற்கும் திரவத்தில் எவ்வளவு குரோமியம் கசிந்தது என்று எண்ணுவார்கள். டி செல் இல்லாமலே கசிவது எவ்வளவு, சோப்புக் கரைசல் ஊற்றி எல்லாச் செல்லையும் உடைத்தால் எவ்வளவு என்று இரண்டு ஒப்பீட்டுக் குழிகளும் வைக்க வேண்டும். தானாகக் கசிவது கால் பங்கைத் தாண்டினால், குறிசெல்களே நலிந்தவை என்று பொருள். அன்றைய அளவைத் தூக்கிப்போட வேண்டியதுதான். டி செல் விழுங்கும் செல்லாக இருந்தால் குரோமியம் அதன் வயிற்றுக்குள்ளேயே தங்கியிருக்கும். திரவத்தில் ஒன்றும் எண்ணக் கிடைக்காது. ஜிங்கர்நாகலும் டோஹெர்ட்டியும் நம்பியது இந்தக் கசிவைத்தான்.

இந்த ஒரு வரியோடு என் வருத்தம் நின்றிருந்தால் கடிதம் இவ்வளவு நீண்டிருக்காது. "நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் வழிகள்" என்று மாதத்துக்கொரு கட்டுரை வெளியிடுகிறீர்கள். எதைக் கூட்டச் சொல்கிறீர்கள்? ஹெபடைடிஸ் பி தொற்றில் கல்லீரல் சேதத்தில் பெரும் பங்கு வைரஸ் செய்வதல்ல, தொற்றிய செல்லைக் கொல்லவரும் டி செல்கள் செய்வது. பெர்ஃபோரின் மரபணு பழுதான குழந்தைகளைப் பாருங்கள். அவர்களின் டி செல்லால் கொல்லவும் முடியாது, குறிசெல்லை விட்டு விலகவும் முடியாது. ஒட்டிய இடத்திலேயே நின்று இன்டர்ஃபெரான் காமாவைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் மேக்ரோஃபேஜ்கள் வெறிகொள்ளும். தணியாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், சரியும் ரத்த அணுக்கள், எகிறும் ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்புப் புரதம். பிறருடைய குருதி ஆக்கும் தண்டுச் செல்களை மாற்றி வைப்பதுதான் நிலையான சிகிச்சை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் தங்கள் வாசகர்களாக இருக்கலாம். "சக்தியைக் கூட்டுங்கள்" என்ற தலைப்பைப் பார்த்து அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒருமுறையேனும் யோசித்ததுண்டா?

ஆன்டிபாடி சோதனையில் அளவு குறைந்தால் பாதுகாப்பே போய்விட்டது என்று எழுதியதும் தங்கள் இணைப்புதான். அந்தச் சோதனை டி செல் நினைவை அளப்பதில்லை என்று நான் எழுதி அனுப்பியபோது, நான்கு பத்தியை ஒரு வரியாகச் சுருக்கி, விளம்பரத்துக்குக் கீழே போட்டீர்கள். அந்த வரியிலும் "டி செல்" என்பது "டிஎன்ஏ செல்" என்று அச்சாகியிருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் கேட்பது சிறியது. வரும் ஞாயிறு, அதே இணைப்பில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரி: "கொல்லும் டி செல்கள் வைரஸை விழுங்குவதில்லை, வைரஸ் தொற்றிய செல்லை அடையாளம் கண்டு அதைத் தானே மடியச் செய்கின்றன. வெளியான படம் மேக்ரோஃபேஜினுடையது." கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் என் பெயரைக்கூட எடுத்துவிடுங்கள். இந்த இரண்டு வரியைத் தொடாமல் விட்டால் போதும்.

இப்படிக்கு,
நோய் எதிர்ப்பியல் கற்பிக்கும் வாசகி