மூன்று மார்க்கர் பேனாக்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளத்தில் என்ன நடந்தது என்பதை இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. தண்ணீர் நின்ற கோடு சுவர்களில் இன்னும் அழியாமல் இருக்கிறது, அது போதும். கூடத்தில் நடந்த நிவாரண முகாமில் இருந்த கடைசிக் குடும்பம் நேற்று மாலை வீடு திரும்பியது. கூடத்தைக் கழுவிச் சாவியை ஒப்படைத்த கையோடு இதை எழுதுகிறோம். ஆறப்போட்டால் நன்றியும் சம்பிரதாயம் ஆகிவிடும்.

கொடுத்தவர்கள் ஏராளம். அவர்களிடம் பிறகு வருகிறோம். முதல் நன்றி, ஒரு மூட்டைகூடக் கொண்டுவராத ஒருவருக்கு.

இரண்டாம் நாள் பிற்பகல் கூடத்தில் பாதி இடத்தை மூட்டைகள் அடைத்துக்கொண்டிருந்தன. எதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குழந்தைச் சட்டை ஒன்று வேண்டுமென்றால் நாலு மூட்டையைக் கொட்ட வேண்டும். கொட்டியதைத் திரும்பக் கட்ட ஆள் கிடையாது. பொருள் குவிந்து கிடந்தும் கேட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த நேரத்தில்தான் பணி ஓய்வு பெற்ற ஸ்டோர்கீப்பர் ஒருவர் உள்ளே வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் சிவப்பு, நீலம், பச்சை என மூன்று மார்க்கர் பேனாக்கள், ஒரு சணல் உருண்டை, ஒரு கட்டுப் பழைய காலண்டர் தாள். "மூட்டை தூக்க என்னால ஆகாது தம்பி. எழுதித் தர்றேன்" என்றார். உண்மையைச் சொன்னால், அப்போது அது ஒரு உதவியாகவே யாருக்கும் படவில்லை.

நிறங்களைப் பற்றி முதலில். உணவுக்குச் சிவப்பு, துணிமணிக்கும் வீட்டுப் பொருளுக்கும் நீலம், மருந்துக்குப் பச்சை. இது அவர் கண்டுபிடித்தது இல்லை. நிவாரணக் கிடங்குகளில் பல நாடுகளிலும் வழக்கத்தில் உள்ள குறி. எழுத்தைப் படிக்க நேரமில்லாத இடத்தில் நிறம் வேலை செய்யும். மின்சாரம் இல்லாத மூன்றாம் நாள் இரவில், டார்ச் வெளிச்சத்தில், கைக்குழந்தைக்கு ஒரு போர்வையை இரண்டே நிமிடத்தில் எடுத்துக் கொடுக்க முடிந்தது அதனால்தான்.

அடுத்து, வாசலில் ஒரு மேசை போடச் சொன்னார். பிரித்துப் பார்க்காத எந்த மூட்டையும் மேசையைத் தாண்டக் கூடாது. முதல் சோதனை ஈரம். ஈரத் துணியைக் கவரில் இறுக்கிக் கட்டி வைத்தால் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். அதோடு நிற்காமல் பக்கத்து மூட்டையையும் கெடுக்கும். ஈரமானது எதுவாக இருந்தாலும் நேரே கொடிக்குப் போனது. காய்ந்த பிறகுதான் உள்ளே அனுமதி. பிறகு பிரிப்பு: ஒரு மூட்டையில் ஒரே வகை, ஒரே அளவு. ஆண், பெண், குழந்தை எல்லாம் கலந்து கட்டிய மூட்டையை ஒவ்வொரு தேவைக்கும் ஒருமுறை அவிழ்க்க வேண்டும். நாலாவது முறை அவிழ்க்கும்போது அது துணி மூட்டையாக இருக்காது, குப்பையாகத்தான் இருக்கும்.

எழுதுவதிலும் முறை உண்டு. சாக்கின் மேலேயே எழுதினால் ஈரம் பட்டதும் கலையும். டேப் தூசியில் ஒட்டாது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, சின்னப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, சணலால் வாயோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அதே விவரத்தோடு இன்னொரு சீட்டு மூட்டைக்குள்ளேயும் போகும். வெளிச்சீட்டு கிழிந்தாலும் உள்சீட்டு பேசும். அடுக்கும்போது சீட்டு உள்ள பக்கம் நடைபாதையைப் பார்த்து இருக்க வேண்டும். பெட்டிகளின் மேல்மூடியில் மட்டும் எழுதுவது வீண். அடுத்த பெட்டி வந்ததும் எழுத்து மறைந்துவிடும். பொருள், அளவு, எண்ணிக்கை, வந்த தேதி. இந்த நான்கும் போதும்.

கொடுத்தவர் பெயர் மூட்டையில் வேண்டாம் என்பதில் மட்டும் கறாராக இருந்தார். பெயர் பதிவேட்டில் இருக்கும், ரசீதில் இருக்கும். வாங்குகிறவர் கையில் போகும் சட்டையில் எதற்கு இன்னொருவர் பெயர் என்பது அவர் கேள்வி. சிலருக்கு வருத்தம்தான். எங்களுக்கு அவர் செய்தது சரியென்றே இன்றும் படுகிறது.

அடுக்குவதற்குச் செங்கல்லின் மேல் பலகை. மூட்டை தரையைத் தொடக் கூடாது, சுவரையும் தொடக் கூடாது. சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி. காற்றுப் போகவும், எலி வந்தால் கண்ணில் படவும், ஆள் நுழைந்து எண்ணவும் அந்த இடைவெளி. பினாயில், பிளீச்சிங் பவுடர் இவை உணவுப் பக்கம் வரவே கூடாது. யாரோ அன்போடு கொண்டுவந்த கழிவறை ஆசிட் பாட்டில்களை பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் வைத்திருந்தோம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கூடத்தில் அது விளையாட்டல்ல. ஆசிட்டை அப்போதே வெளிக்கொட்டகைக்கு மாற்றவைத்தார்.

ஒவ்வொரு அடுக்கிலும் ஓர் அட்டை தொங்கியது. ஸ்டோர்காரர்கள் 'பின் கார்டு' (bin card, இருப்பு அட்டை) என்பார்கள். தேதி, வரவு, செலவு, இருப்பு, கையெழுத்து. விதி ஒன்றே ஒன்று: எழுதிய பிறகுதான் தூக்க வேண்டும். இரவில் எண்ணிப் பார்க்கும்போது கணக்கு இடித்தால் உடனே யார் மேலும் சந்தேகம் வந்துவிடும். பெரும்பாலும் அது திருட்டாக இருக்காது, அவசரத்தில் எழுத மறந்த செலவாகத்தான் இருக்கும். முதல் இரவு எண்ணிக்கை மூன்று இடங்களில் இடித்தது. மூன்றுமே எழுதாமல் போனவை. நாலாம் நாள் முதல் இடிக்கவில்லை.

மருந்தில் அவர் எங்களைவிடக் கடுமை. பாதி வெட்டிய ஸ்ட்ரிப்களை வாங்கவே விடவில்லை. ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் அச்சிட்ட காலாவதித் தேதி வெட்டோடு போயிருக்கும். மிச்ச மாத்திரை எந்த வருடத்தது என்று யாரால் சொல்ல முடியும்? நோயாளிக்கு ஒருமுறை கொடுத்துத் திரும்பிய மருந்தை நன்கொடையாகத் தரக் கூடாது, வந்து சேரும்போது பொதுவாக ஓராண்டாவது ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்பது 1996 முதலே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவரும் நெறி. அப்படிச் சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்துக்குப் பிறகு 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருளும் அங்கே போய்க் குவிந்தன. என்ன வந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரியவே 50 பேருக்கு 6 மாதம் பிடித்தது. கெட்டது போக மிஞ்சியதிலும் எளிதில் அடையாளம் காண முடிந்தது 30 விழுக்காடு மட்டும். கேட்காமல் வந்து குவியும் பொருளை நிவாரணப் பணியாளர்கள் 'இரண்டாம் பேரிடர்' என்று சொல்வது கொழுப்பினால் அல்ல.

ஒவ்வொரு மாலையும் அட்டைகளைப் பார்த்து அவரே தேவைப்பட்டியல் எழுதினார். 'பெரியவர் துணி போதும். உள்ளாடை, சானிட்டரி நாப்கின், மூடி போட்ட வாளி, மக், டார்ச் செல் வேண்டும்.' கீழே தேதி, மணி, 'நாளை மாலை 6 மணிக்குப் பிறகு இந்தப் பட்டியல் செல்லாது' என்று ஒரு வரி. அந்த வரியின் மதிப்பு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் நாள் தேதி போடாமல் அனுப்பிய 'பிரெட் உடனடியாகத் தேவை' என்ற வாட்ஸ்அப் செய்தி ஆறாம் நாளும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. பிரெட்டும் வந்துகொண்டே இருந்தது. அனுப்பிய நல்ல மனங்களை என்ன சொல்ல? தவறு எங்கள் செய்தியில்.

இனி மற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மடல் எழுதலாம், ஆனால் இடம் இல்லை.

பேனர் கட்டாமல், படம் எடுக்காமல், இரவோடு இரவாகக் கூடத்தைத் திறந்துவிட்ட வார்டு கவுன்சிலருக்கு நன்றி. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்பது முகாம்களுக்கான சர்வதேச அளவு. 100 பேருக்கு 1,500 லிட்டர். அந்தக் கணக்குக் குறையாமல் லாரி ஓட்டியவர்களுக்கும், ஒவ்வொரு தொட்டியிலும், கிருமியைக் கொன்றது போகத் தண்ணீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை நிற்கிறதா என்று சோதித்துவிட்டே குழாயைத் திறந்த குடிநீர்ப் பணியாளர்களுக்கும் நன்றி. கலங்கிய தண்ணீரில் குளோரினை அந்தக் கலங்கலே தின்றுவிடும், தெளியவைத்த பிறகுதான் குளோரின் போட வேண்டும் என்று பொறுமையாக விளக்கியவர்களும் அவர்களே. 20 பேருக்கு ஒரு கழிவறை என்ற அளவை நாங்கள் எட்டவில்லை. இருந்தவற்றைப் பயன்படுத்தும் நிலையில் வைத்திருந்த தூய்மைப் பணியாளர்களுக்கு நன்றி என்ற சொல் சிறியது. அவர்களுக்குக் கையுறையும் முழங்கால் பூட்ஸும் ஐந்தாம் நாள்தான் கிடைத்தன. அது எங்கள் எல்லாருக்குமான வெட்கம். பொருளுக்குப் பதில் பணமாகக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. மேலே சொன்ன பட்டியலில் குறைந்ததை அன்றன்றைக்கு வாங்க முடிந்தது உங்களால். வரவு செலவுக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்தோடு, கூடத்தின் வாசலில் ஒட்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து ரசீதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மிஞ்சியவை பதினோரு மூட்டை பெரியவர் துணி, நாற்பது வாளி. வாளிகளைக் கூடத்திலேயே வைக்கிறோம். துணியை வைத்திருப்பதாக இல்லை. சலவை செய்து, தேவைப்படும் இல்லங்களைக் கேட்டு, அவர்கள் சொன்ன அளவு மட்டும் அனுப்புவோம்.

ஒன்று முடிவு செய்திருக்கிறோம். கூடத்து அலமாரியில் ஒரு பெட்டி இருக்கும். மூன்று நிறத்தில் இரண்டிரண்டு மார்க்கர், சணல், ஐநூறு சீட்டு, கவர், வெற்று பின் கார்டு நூறு, ரசீதுப் புத்தகம் இரண்டு, கார்பன் தாள், கையுறை இருபது ஜோடி. மார்க்கர் சும்மா கிடந்தாலும் காய்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதிப் பார்த்து மாற்ற வேண்டும். மாற்றிய தேதியைப் பெட்டி மூடியில் அல்ல, பக்கவாட்டில் எழுதுவோம்.

ஐயா, உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. உங்கள் பச்சைப் பேனா எங்களிடமே தங்கிவிட்டது, இன்னும் எழுதுகிறது. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடைசி இருப்பு எண்ணுகிறோம். வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவையும் வாங்கிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
நிவாரண முகாம் தன்னார்வலர்கள்